தேரோட்ட வீடியோ 1.2 டிபி: ரோபோகாப்பியில எம்டி எத்தனை, சரிபார்ப்பு எப்படி?

பாளை_கேமரா:
அண்ணாச்சிமாரே, ஒரு சந்தேகம். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டப் பதிவு மொத்தம் 1.2 டிபி. வீடியோ ஒவ்வொண்ணும் 8லேர்ந்து 20 ஜிபி, கூட 40,000 ஜேபெக். கேமரா கார்டுலேர்ந்து எஸ்எஸ்டிக்கு இழுத்துப் போட்டாச்சு. அங்கேருந்து 4 டிபி யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்குக்கு ரோபோகாப்பி (விண்டோஸோட காப்பிக் கட்டளை), /எம்ஐஆர் (நகலை மூலம் மாதிரியே ஆக்குறது) /எம்டி:32 (ஒரே நேரத்துல 32 கோப்பு). முதல்ல விநாடிக்கு 120 எம்பி வேகம், கொஞ்ச நேரத்துல 30க்கு இறங்கிருது. கடைசியில ‘ஃபெயில்டு 0’னு காட்டுது. இதை நம்பி கார்டை ஃபார்மேட் அடிக்கலாமா?

சந்திப்பு_சர்வர்:
கார்டுல கை வைக்காதீங்க, அந்த விஷயத்தை அப்புறம் பேசலாம். தேர் வடம்னா ஆள் சேரச் சேர நகரும். ஹார்ட் டிஸ்க் அப்படி இல்ல. தலை ஒரு நேரத்துல ஒரு இடத்துலதான் நிக்கும். 32 கோப்பை ஒண்ணா நீட்டினா எழுதுறதைவிட அங்கயும் இங்கயும் ஓடுறதுதான் அதிகம். ஷிங்கிள்டு வகை (தடங்களை ஓடு மாதிரி ஒண்ணுமேல ஒண்ணு ஏத்தி எழுதுற) டிஸ்க்கா இருந்தா இன்னும் மோசம், சிதறி எழுதினா அதோட தற்காலிக இடம் நிரம்பி மூச்சு வாங்கும். வேலையை ரெண்டாப் பிரிங்க:

ரோபோகாப்பி டி:\தேர் எஃப்:\தேர் *.எம்பி4 /எஸ் /ஜே /ஆர்:2 /டபிள்யூ:5
ரோபோகாப்பி டி:\தேர் எஃப்:\தேர் /இ /எக்ஸ்எஃப் *.எம்பி4 /எம்டி:4 /ஆர்:2 /டபிள்யூ:5

பெரிய கோப்புக்கு /ஜே, விண்டோஸ் கேஷை நிரப்பாம நேரா எழுதும். ரெண்டாவதுல /எக்ஸ்எஃப் எம்பி4ஐ மட்டும் விட்டுட்டு மத்ததெல்லாம் எடுக்கும். அங்க *.ஜேபிஜினு போடாதீங்க, கேமரா வீடியோவோட வைக்கிற எக்ஸ்எம்எல் எல்லாம் விட்டுப்போகும். /ஆர் (மறுமுயற்சி எத்தனை), /டபிள்யூ (நடுவுல எத்தனை விநாடி காத்திருக்கணும்) போடலன்னா 10 லட்சம் முயற்சி, ஒவ்வொண்ணுக்கும் 30 விநாடி. ஒரே கோப்புல மாட்டினா 347 நாள்! /எம்ஐஆர் வேண்டாம். எஸ்எஸ்டியில தவறி அழிச்சது அடுத்த ஓட்டத்துல டிஸ்க்குலயும் அழிஞ்சிரும்.

முதல் கட்டளையிலயும் வேகம் 30, 40லயே நின்னா கேபிளைப் பாருங்க. யுஎஸ்பி 2 கேபிளோட எல்லை அதுதான்.

குறுக்குத்துறை_பிட்:
‘ஃபெயில்டு 0’னா எழுதும்போது விண்டோஸ் பிழை சொல்லல, அவ்வளவுதான். ரோபோகாப்பி எழுதினதைத் திரும்ப வாசிக்காது. /எல் (காப்பி பண்ணாம பட்டியல் மட்டும் காட்டுறது) போட்டு மறுபடி ஓட்டினாலும் அளவும் நேரமும்தான் ஒப்பிடும். உள்ள ஒரு பிட் மாறியிருந்தா தெரியாது.

பலபேர் கோட்டை விடுறது இன்னொண்ணுல. எஸ்எஸ்டியையும் டிஸ்க்கையும் ஒப்பிட்டு ரெண்டும் ஒண்ணுனு சந்தோஷப்படுறது. கார்டு ரீடர்லயே தப்பா வந்திருந்தா தப்புக்குத் தப்பு சரியாத்தான் பொருந்தும். செக்சம், அதாவது கோப்போட உள்ளடக்கத்துலேர்ந்து கணக்கிடுற கைரேகை மாதிரியான எண், கார்டுலேர்ந்து எடுக்கணும். டெராகாப்பிங்கிற காப்பி மென்பொருள்ல கார்டுக் கோப்புகளுக்கு செக்சம் கோப்பு உண்டாக்கி, அதை வச்சு டிஸ்க்கைச் சோதிங்க. செக்சம் வகையில எம்டி5 போதும் (மேல சொன்ன /எம்டி வேற), தற்செயலாக் கெட்டதைக் கண்டுபிடிக்க எஸ்எச்ஏ256 தேவையில்ல.

சோதிக்கிறதுக்கு முன்னால டிஸ்க்கை முறைப்படி எஜெக்ட் பண்ணி, கழற்றி மாட்டுங்க. இல்லாட்டி கடைசியா எழுதின கோப்புகளுக்கு கம்ப்யூட்டரோட ரேம் மெமரியே பதில் சொல்லிரும், டிஸ்க் வாயே திறக்காது.

பாளை_கேமரா:
அப்போ நேரம் ரெட்டிப்பாகுமே?

குறுக்குத்துறை_பிட்:
ஆகும். 120 எம்பி வேகத்துல 1.2 டிபி எழுத 2 மணி 47 நிமிஷம். டிஸ்க் நிரம்ப நிரம்ப உள்வட்டத்துல வேகம் குறையும், மூணரைனு வைங்க. வாசிக்க அதே அளவு. ராத்திரி ஓட விடுங்க, பவர் ஆப்ஷன்ல ஸ்லீப்பை மறக்காம அணைச்சுட்டு.