கடற்கரையில் சின்ன வகுப்புகள்: செய்து பார்த்தவர்கள் சொல்வது (ஒவ்வொரு பகுதியின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

அடம்புக்கொடி:

சென்னை பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரியான திறந்த மணற்கரையை வைத்துச் சொல்கிறேன். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் தண்ணீரில் இல்லை, மணலில்தான். கரையை மூன்று பட்டைகளாகப் பாருங்கள்: மேலே காய்ந்த மணலும் கொடிகளும், நடுவே நேற்றைய அலை ஒதுக்கிவிட்டுப் போன குப்பைக் கோடு, கீழே அலை வந்து திரும்பும் ஈர மணல். ஒரு தடவைக்கு ஒரு பட்டை போதும். மூன்றையும் ஒரே காலையில் முடிக்கப் பார்த்தால் பிள்ளைகளுக்கு ஓடினது மட்டும்தான் ஞாபகம் இருக்கும்.

மேல் பட்டையில் அடம்பு இருக்கும். இலை ஆட்டுக் குளம்பு போல நுனியில் பிளந்திருக்கும், கிள்ளினால் பால் வரும். ஒரே கொடி எத்தனை கணுவில் வேர் விட்டிருக்கிறது என்று எண்ணச் சொன்னால், அது மணலைப் பிடித்துவைத்திருப்பது விளக்காமலே புரியும். இராவணன் மீசைப் புல் இன்னும் மிச்சமிருக்கும் கரையானால், காய்ந்து உதிர்ந்த அதன் விதைப்பந்து காற்றில் உருள்வதைக் காட்டுங்கள். ஆனால் இலை நுனி ஊசி மாதிரி குத்தும், அதைப் பெரியவர்கள்தான் தொட வேண்டும்.

அடுத்து நண்டு வளை. ஒரு சதுர மீட்டருக்குள் எத்தனை வளை என்று எண்ணுவதற்கு நாலு முடிச்சுப் போட்ட கயிறு கொடுப்பார்கள். ஆறு வயதுப் பிள்ளைகள் நாலு பேர் நாலு மூலையில் இழுத்தால் அது சதுரமாக நிற்காது, பட்டம் மாதிரி சாய்ந்துவிடும், உள்ளே இடமும் குறைந்துவிடும். மூன்றரை மீட்டர் நீளமுள்ள பிளாஸ்டிக் குழாயின் இரு முனையையும் சேர்த்து வட்டமாக்கிவிடுங்கள், உள்ளே ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் கிடைக்கும், யார் பிடித்தாலும் உருவம் மாறாது. வளை வாயை ஐஸ் குச்சியில் கோடு போட்டு அளக்கலாம். விரலை உள்ளே விட விடாதீர்கள். பெரிய வளைகள் பெரும்பாலும் மேலேயும் சின்னவை தண்ணீருக்குக் கிட்டேயும் இருக்கும், இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். வளைக்குள் காய்ந்த வெள்ளை மணலை ஊற்றி, பிறகு தோண்டிப் பார்த்தால் சுரங்கம் போன வழி தெரியும் என்பது பழைய உத்தி. ஒரு வீட்டை இடித்துத்தான் அந்தப் பாடம் நடக்கும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. மூன்று மீட்டர் தள்ளி அசையாமல் உட்கார்ந்தால் சில நிமிடத்தில் நண்டே வெளியே வரும். தட தடவென்று நடந்தால் வராது, மணல் அதிர்வது அதற்குத் தெரியும்.

குமரிக்கரை:

டீச்சர் சொன்னது நல்ல விஷயம், ஆனால் ஈர மணலுக்கு வருவதற்கு முன்னால் எல்லைக் கயிறு கட்டுவதைப் பற்றிப் பேசியாக வேண்டும். போய் இறங்கியதும் பத்து நிமிடம் சும்மா நின்று அலையைப் பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும், இடையில் சில நிமிடம் சின்ன அலைகளே இருக்கும். இரண்டு நிமிடம் பார்த்து எல்லை போட்டால் அடுத்த கூட்டம் அந்த எல்லையைத் தாண்டிவிடும். பத்து நிமிடத்தில் ஆக மேலே ஏறிய அலையின் ஈரக் கோட்டிலிருந்து மூன்று மீட்டர் மேலே மூங்கில் நட்டுக் கயிறு கட்டுங்கள். கயிற்றைத் தாண்டுவது ஒரு நேரத்தில் ஐந்து பிள்ளைகள், கூடவே ஒரு பெரியவர், கணுக்கால் ஆழம், அவ்வளவுதான். இன்னொரு பெரியவர் இருக்க வேண்டும், அவர் பாடம் நடத்தவே கூடாது. அவருக்குக் கடலைப் பார்த்தபடி நிற்பது மட்டும்தான் வேலை.

அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் இடைவெளியைப் பார்த்து "இங்கே இறங்கலாம்" என்று பெரியவர்களே ஏமாறுகிறார்கள். கரையேறிய தண்ணீர் திரும்பிக் கடலுக்குப் போகும் வாய்க்கால் அது. இரு பக்கமும் வெள்ளையாக நுரைத்து, நடுவே கலங்கலாகவோ கருமையாகவோ ஒரு பட்டை இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் கள்ளக்கடல் தனி ஆபத்து. இங்கே காற்றே இருக்காது, வானம் தெளிவாக இருக்கும், எங்கோ தெற்கு இந்தியப் பெருங்கடலில் எழுந்த அலை வந்து கரையில் ஏறும். பெயரே அதனால்தான். 2024 மே மாதம் குமரி மாவட்டத்தில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தது அப்படியொரு எச்சரிக்கை இருந்த நாளில். ஐதராபாத்திலுள்ள இன்காய்ஸ் (INCOIS) என்ற கடல் தகவல் மையம் முன்கூட்டியே அறிவிப்பு வெளியிடுகிறது, கிளம்பும் அன்று காலையிலும் அதைப் பாருங்கள். "பஸ் பேசியாச்சு" என்பது போவதற்குக் காரணமாகாது.

பை தூக்கி:

யாரும் எழுதாத விஷயங்கள். கழிப்பறை: கரைக்குப் போவதற்கு முந்தைய நிறுத்தத்தில் எல்லாரையும் இறக்கிவிட்டு ஏற்றுங்கள். கரையில் இறங்கினபின் ஒருவர் கேட்டால் பத்துப் பேர் கேட்பார்கள். செருப்பு: ரப்பர் செருப்பு ஈர மணலில் புதைந்து கழன்றுவிடும், பின்வார் உள்ளது வேண்டும். வெறுங்கால் வேண்டாம், ஏனென்றால் வலையிலிருந்து உதறிவிட்ட கெளுத்தி மீனின் முள் மணலில் காய்ந்து கிடக்கும், ஏறினால் சீக்கிரம் ஆறாது. கால் கழுவ முப்பது பிள்ளைகளுக்கு ஒரு 20 லிட்டர் கேன், ஒரு குவளை போதும், தலைக்கு அரை லிட்டர். மணல் காய்ந்துவிட்டால் தண்ணீரே வேண்டாம், முகப் பவுடரைத் தூவித் தட்டினால் உதிரும். நேரம் காலை எட்டரைக்குள் முடிய வேண்டும், அதற்குமேல் மணல் சுடத் தொடங்கும்.

பழவேற்காடு:

ஈர மணலில் பார்க்க இரண்டு உயிர்கள் போதும். அலை திரும்பும்போது மணலில் சின்னச் சின்ன 'வி' வடிவக் கோடுகள் தெரியும். முட்டை வடிவத்தில் இருக்கும் ஒரு குட்டி நண்டு புதைந்துகொண்டு, இறகு போன்ற உணர்கொம்பை மட்டும் நீட்டி, திரும்பும் தண்ணீரில் இரை வடிகட்டுகிறது. இரண்டாவது, மட்டி என்ற சின்னச் சிப்பி. அலை வெளியே தள்ளிய மட்டி அடுத்த அலைக்குள் காலை நீட்டிப் புதைந்துவிடும். கடல்தண்ணீரும் ஒரு கைப்பிடி மணலும் உள்ள வெள்ளை டப்பாவில் விட்டு, புதைய எவ்வளவு நேரமாகிறது என்று எல்லாரும் சேர்ந்து எண்ணலாம். ஐந்து நிமிடத்தில் திரும்ப விட்டுவிட வேண்டும், டப்பாத் தண்ணீர் வெயிலில் சீக்கிரம் சூடாகும்.

முகத்துவாரம் பக்கத்தில் இருந்தால் இன்னொன்று. இரண்டு கண்ணாடிப் பாட்டில்களில் ஒரே அளவு கழிமுகச் சேறு, ஒன்றில் குடிதண்ணீர், மற்றதில் கடல்தண்ணீர், குலுக்கி வைத்துவிடுங்கள். கடல்தண்ணீரில் சேறு சீக்கிரம் படியும், மற்றது கலங்கலாகவே நிற்கும். உப்பு களிமண் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. ஆறு கொண்டுவரும் சேறு முகத்துவாரத்தில் படிவதற்கு இதுவும் ஒரு காரணம். சேறு மூன்று தேக்கரண்டிக்கு மேல் போட்டால் இரண்டுமே கறுத்துப்போய் வித்தியாசம் தெரியாது.

மண்டபம்:

தெற்கே வருகிறவர்களுக்கு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைக் கொண்ட பகுதி 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. கரையில் ஒதுங்கிய செத்த பவளத்துண்டைக்கூட எடுத்துப்போகக் கூடாது. பவளம், கடல் அட்டை, கடல் குதிரை எல்லாம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. பிள்ளைகள் பையில் போட்டுக்கொள்வது பெரியவர்கள் கவனக்குறைவு. கரையிலேயே ஒரு துணி விரித்து, எடுத்ததை அதில் அடுக்கி, வரைந்து, திரும்ப வைத்துவிட்டு வாருங்கள்.

கூம்பு வடிவச் சங்கை உயிரோடோ செத்ததோ என்று தெரியாமல் கையில் எடுக்க விடாதீர்கள், உயிருள்ளது விஷ ஊசி வைத்திருக்கும். சொறி (ஜெல்லி மீன்) பட்டால் மணலால் தேய்ப்பதும் குடிதண்ணீர் ஊற்றுவதும் கூடாது. தோலில் ஒட்டிய, இன்னும் வெடிக்காத கொட்டும் செல்கள் அதனால்தான் வெடிக்கும். கடல்தண்ணீரால் கழுவி, ஒட்டிய இழையை இடுக்கியால் எடுத்து, மருத்துவரிடம் போங்கள். கரையில் காய்ந்து கிடக்கும் சொறியும் கொட்டும்.

அடம்புக்கொடி:

குமரி அண்ணா சொன்ன பத்து நிமிடம் சரிதான், அதையே பாடமாக்கலாம். ஒரு நிமிடத்தில் எத்தனை அலை உடைகிறது என்று எண்ணி மூன்று தடவை எழுதுங்கள். அப்புறம் ஒரு எலுமிச்சம்பழத்தைப் பெரியவர் ஒருவர் அலைக்கு அப்பால் எறியட்டும். அது கரையோரமாக எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கம் பிள்ளைகள் கயிற்றுக்கு மேலே கூடவே நடந்து அடி எண்ணலாம். பந்து வேண்டாம், மிதந்து நிற்பதால் காற்றுதான் அதைத் தள்ளும். எலுமிச்சை பெரும்பகுதி மூழ்கி நீரோட்டத்தோடு போகும், தொலைந்தாலும் கவலையில்லை. சென்னையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் வடக்கு நோக்கித்தான் நகர்கிறது. துறைமுகச் சுவர் அதை மறித்ததால் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்தது. இரண்டாம் வகுப்புக்கு இந்த வரலாறு தேவையில்லை, மூன்றாம் வகுப்புக்கு மணலில் குச்சி நட்டுக் காட்டினால் புரியும்.

உப்பளம்:

திரும்பி வந்தபின் செய்வதற்கு ஒன்று. கால் லிட்டர் கடல்தண்ணீரைத் துணியில் வடிகட்டி, பழைய பீங்கான் தட்டில் வெயிலில் வைத்து, மேலே கொசுவலை மூடுங்கள். லிட்டருக்கு 35 கிராம் என்று எடுத்துக்கொண்டால் எட்டு, ஒன்பது கிராம் உப்பு மிஞ்சும், மழைக்காலத்துத் தண்ணீரானால் இன்னும் குறையும். கடைசியில் ஒரு கசப்பான ஈரம் மட்டும் காயாமல் நிற்கும், அது மக்னீசிய உப்புகள். நாக்கில் வைத்துப் பார்க்க விடாதீர்கள், நகரக் கரைத் தண்ணீரில் சாக்கடையும் கலந்திருக்கும். எவர்சில்வர் தட்டு என்றால் சில நாளில் புள்ளி புள்ளியாக அரிக்கும், அந்தத் தட்டைச் சாப்பாட்டுக்குத் திரும்பக் கொடுக்க முடியாது.