பிக்கப்புக்கு யாரும் வரவில்லை, ஆர்டர் கேன்சல் – பழைய புத்தகம் விற்பவர்கள் உதவவும்

பாம்பன்வாசி
வணக்கம். அவசரம். ஆன்லைனில் பழைய புத்தகம் விற்கக் கணக்குத் தொடங்கினேன். முதல் ஆர்டரும் வந்துவிட்டது. பேக் செய்து வைத்துக்கொண்டு காத்திருந்தால் எடுக்க யாரும் வரவில்லை. நாளைக்கு வருவார்கள், நாளைக்கு வருவார்கள் என்றே காட்டிக்கொண்டிருந்தது. இன்றைக்கு ஆர்டரே கேன்சல். அதிலும் 'விற்பனையாளரால் ரத்து' என்று போட்டிருக்கிறார்கள். நான் எங்கே ரத்து செய்தேன்? வாங்கியவர் நல்ல மனிதர், மறுபடி ஆர்டர் போட்டிருக்கிறார். இதுவும் போனால் கணக்கை முடக்கிவிடுவார்களாம். என்ன செய்வது? சீக்கிரம் சொல்லுங்கள்.

தொண்டிக்காரன்
பின்கோடு என்ன? தளத்துக்காரர்களே கூரியர் அனுப்பும் முறையா, நீங்களே அனுப்பும் முறையா? என்ன புத்தகம், எத்தனை கிலோ? இதெல்லாம் இல்லாமல் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது அண்ணே.

கணக்குப்பிள்ளை
ஜிஎஸ்டி நம்பர் கொடுத்தீர்களா? கொடுத்திருக்க மாட்டீர்கள். அதுதான் காரணம். நம்பர் இல்லாத கணக்கை ஒரு ஆர்டர் வரை விட்டுப் பிடிப்பார்கள், அப்புறம் நிறுத்திவிடுவார்கள். நான் பலருக்குப் பார்த்துக் கொடுத்திருக்கிறேன்.

ராம்நாடு ரவுண்டானா
பாம்பன் என்கிறீர்கள். பாலம் மூடியிருந்ததால் தீவுக்குள் கூரியர் வருவதில்லை என்று கேள்விப்பட்டேன். அதுவாக இருக்கும்.

பழம்பிரதி (மூத்த உறுப்பினர்)
மூடியிருந்தது ரயில் பாலம். 2022 டிசம்பரில் ரயில் நின்றது, 2025 ஏப்ரல் 6 அன்று புதுப் பாலம் திறந்து மறுபடி ஓடுகிறது. கூரியர் வேன் தண்டவாளத்தில் போவதில்லை. சாலைப் பாலம் 1988லிருந்து அங்கேதான் இருக்கிறது.

கேள்வி கேட்டவருக்கு: புத்தகம் விற்பது என்பது படம் எடுத்துப் போட்டுவிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பது இல்லை. தளத்தின் விதிமுறைப் பக்கத்தை ஒருமுறையாவது படித்துவிட்டு வந்து கேட்டால் எங்களுக்கும் நேரம் மிச்சம்.

பாம்பன்வாசி
623521. அவர்களே வந்து எடுக்கும் முறை. புத்தகம் கலைக்களஞ்சியம், ஒரு செட். பெரியப்பா வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், அவருடையது. எடை 500 கிராம் என்று இருக்கிறது.

அப்புறம், அண்ணே இல்லை, அக்கா.

தொண்டிக்காரன்
மன்னிக்கணும் அக்கா. கலைக்களஞ்சியம் ஒரு செட் 500 கிராமா?

பாம்பன்வாசி
அது தானாகவே வந்தது. நான் போடவில்லை.

வலைஞர் தெரு
அங்கேதான் கோளாறு. பட்டியல் போடும்போது எடைப் பெட்டியைக் காலியாக விட்டால் 500 கிராம் என்று அதுவே எடுத்துக்கொள்ளும். நீள அகல உயரமும் அப்படித்தான். கூரியர்காரர்கள் உண்மை எடை, கன அளவு எடை இரண்டையும் பார்ப்பார்கள். சென்டிமீட்டரில் நீளம் × அகலம் × உயரம், அதை 5000ஆல் வகுத்தால் வருவது கன அளவு எடை. இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். வித்தியாசம் உங்கள் பணத்திலிருந்து போகும். பெட்டி அளவு என்ன? எதில் பேக் செய்தீர்கள்?

பாம்பன்வாசி
மீன் தெர்மோகோல் பெட்டி. வீட்டில் இருந்தது. நன்றாகக் கழுவிவிட்டேன். 60 × 40 × 40. இப்போது மீன் தராசில் ஒரு தொகுதியை வைத்துப் பார்த்தேன், ஒன்றே முக்கால் கிலோ. மொத்தம் ஒன்பது.

வலைஞர் தெரு
அப்படியானால் உண்மை எடை 15.75 கிலோ. கன அளவு எடை 96,000 வகுத்தல் 5000, அதாவது 19.2 கிலோ. புத்தகத்தை விடப் பெட்டிக்குத்தான் அதிகம் கட்டப் போகிறீர்கள். முதலில் அந்தப் பெட்டியை மாற்றுங்கள்.

கணக்குப்பிள்ளை
எடை ஒருபுறம் இருக்கட்டும். ஜிஎஸ்டி பற்றி இன்னும் பதில் வரவில்லை.

மண்டபம் முகாம்
கணக்குப்பிள்ளை ஐயா, அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டியே இல்லை. வரி விலக்குப் பொருளை மட்டும் விற்பவர் பதிவு செய்ய வேண்டாம் என்று ஜிஎஸ்டி சட்டம் 23ஆம் பிரிவு சொல்கிறது. புத்தகம் மட்டும் விற்றால் பான் போதும். நான் அப்படித்தான் விற்கிறேன்.

கணக்குப்பிள்ளை
ஆன்லைனில் விற்றால் 24ஆம் பிரிவில் கட்டாயப் பதிவு என்று இருக்கிறதே?

மண்டபம் முகாம்
24ல் எது இருந்தாலும் 23 செல்லும் என்று 2023 நிதிச் சட்டத்தில் திருத்திவிட்டார்கள். புத்தகத்தோடு பேனா, பொம்மை என்று சேர்த்து விற்றால் கதை வேறு.

கணக்குப்பிள்ளை
சரி. ஆனால் தளத்துக்காரர்கள் செய்யும் வருமான வரிப் பிடித்தம் உண்டு.

மண்டபம் முகாம்
தனிநபர், பான் கொடுத்திருக்கிறார், வருஷ விற்பனை 5 லட்சத்தைத் தாண்டாது என்றால் அதுவும் இல்லை. ஒரு செட் கலைக்களஞ்சியத்துக்கு ஆடிட்டர் வைக்கச் சொல்வீர்கள் போலிருக்கிறது.

பழம்பிரதி (மூத்த உறுப்பினர்)
யாரும் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. எந்தக் கலைக்களஞ்சியம்? தமிழ் வளர்ச்சிக் கழகம் இரண்டு போட்டது. இரண்டுக்கும் முதன்மை ஆசிரியர் பெரியசாமித் தூரன்தான், இரண்டும் பத்துத் தொகுதி. ஒன்று பெரியவர்களுக்கானது, முதல் தொகுதி 1954, இணைப்பாக வந்த பத்தாவது 1968. மற்றது குழந்தைகளுக்கானது. நீங்கள் ஒன்பது என்கிறீர்கள். பட்டியலில் 'முழு செட்' என்று போட்டிருந்தால் புத்தகம் போன வேகத்தில் திரும்பி வரும்.

பாம்பன்வாசி
பெரியது. பத்தாவது இல்லை. ஒன்பது என்றுதான் போட்டிருக்கிறேன், படமும் இருக்கிறது. வாங்குபவருக்கு அது தெரியும், கோயம்புத்தூர்க்காரர். என் கேள்வி பிக்கப்.

கீழக்கரை மரக்கலம்
நடுவில் ஒன்று. இவ்வளவு பழைய புத்தகத்துக்கு ஐஎஸ்பிஎன் என்கிற புத்தக அடையாள எண் இருக்காதே, எப்படிப் பட்டியல் போட்டீர்கள்? எங்கள் வீட்டில் அரபுத்தமிழ்ப் புத்தகங்கள், அதாவது அரபு எழுத்தில் எழுதிய தமிழ், கொஞ்சம் இருக்கின்றன. எண்ணும் இல்லை, மொழிப் பட்டியலில் தமிழா அரபியா என்பதும் புரியவில்லை.

மண்டபம் முகாம்
ஐஎஸ்பிஎன் முறையே 1970 வாக்கில் வந்ததுதான். அதற்கு முந்தையவற்றுக்கு 'எண் விலக்கு' கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். அட்டை, தலைப்புப் பக்கம் இரண்டையும் படமெடுத்துப் போட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். பத்து இலக்க எண் இருந்தால் கவலை இல்லை. 2007க்கு முன்பு எல்லாம் பத்து இலக்கம்தான். முன்னால் 978 சேர்த்தால் கடைசி இலக்கம் மாறும், அதை மட்டும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பாய், அரபுத்தமிழை அவசரப்பட்டு விற்க வேண்டாம். சென்னை ரோஜா முத்தையா நூலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். அங்கே இல்லாத பதிப்பாக இருந்தால் அவர்களே ஆவலாகப் பார்ப்பார்கள்.

தொண்டிக்காரன்
அக்கா, பிக்கப்புக்கு வருவோம். டெலிவரி உள்ள பின்கோடு எல்லாம் பிக்கப் உள்ள பின்கோடு இல்லை. தொண்டியில் எனக்கு வாரத்தில் பாதி நாள்தான் வருவார்கள். யாருமே வரவில்லையா, வந்து எடுக்காமல் போனார்களா?

பாம்பன்வாசி
ஒருநாள் ஒரு பையன் பைக்கில் வந்தான். பெட்டியைப் பார்த்தான், தூக்கிப் பார்த்தான், போன் பண்ணுகிறேன் அக்கா என்று போய்விட்டான். பண்ணவில்லை.

வலைஞர் தெரு
இதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்கலாமே!

தொண்டிக்காரன்
விஷயம் அவ்வளவுதான். அவன் போனில் 500 கிராம் என்று காட்டியிருக்கும். பை ஒன்றை மாட்டிக்கொண்டு ராமநாதபுரத்திலிருந்து வந்தவன், பதினாறு கிலோ மீன் பெட்டியைப் பைக்கில் வைத்துக்கொண்டு அந்தக் காற்றில் பாலத்தில் எப்படிப் போவான்? போய் 'விற்பனையாளர் தயாராக இல்லை' என்று குத்தியிருப்பான். இரண்டு மூன்று தடவை அப்படி விழுந்தால் தானாகவே ரத்து, பழி நம் தலையில். எடையைத் திருத்தினாலும் பெரிய வண்டி பாம்பனுக்கு வரும் என்று நான் நம்பவில்லை. 'நானே அனுப்புகிறேன்' முறைக்கு மாறுங்கள். தபாலில் போட்டு டிராக்கிங் எண்ணைத் தளத்தில் ஏற்றுங்கள்.

ராம்நாடு ரவுண்டானா
புக் போஸ்ட்டில் போடுங்கள். மலிவு.

மண்டபம் முகாம்
புக் போஸ்ட் 2024 டிசம்பரோடு போய்விட்டது. இப்போது ஞான் போஸ்ட், 2025 மே 1 முதல். 300 கிராம் வரை 20 ரூபாய், அதிகபட்சம் 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. டிராக்கிங் உண்டு. தரைவழிதான், மெதுவாகப் போகும். புத்தகத்தில் அச்சகத்தார் அல்லது பதிப்பகத்தார் பெயர் இருக்க வேண்டும், வார மாத இதழ்கள் கூடாது. இரண்டு இரண்டு தொகுதியாகக் கட்டினால் ஒரு கட்டு மூன்றரைக் கிலோ. நான்கு கட்டு, கடைசி ஒன்று தனி. ஐந்து கட்டுக்கும் சேர்த்து 500 ரூபாயைத் தாண்டாது.

வலைஞர் தெரு
ஐந்து கட்டுக்கு ஐந்து எண். தளத்தில் ஒரு ஆர்டருக்கு ஒரு எண்தான் ஏற்ற முடியும். நான்கு கட்டு போய்ச் சேர்ந்து, ஏற்றின எண்ணுள்ள கட்டு மட்டும் தாமதமானால் 'வரவில்லை' என்று ஆகிவிடும். காசு கூடினாலும் ஒரே பார்சலாக அனுப்புங்கள்.

அலமாரி
அந்தக் கலைக்களஞ்சியம் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. யார் காசு கொடுத்து வாங்குகிறார்கள்? கேட்கத்தான் கேட்கிறேன்.

பழம்பிரதி (மூத்த உறுப்பினர்)
திரையில் வரி வரியாகத் தேடுவதும் தொகுதியை மடியில் வைத்துப் புரட்டுவதும் ஒன்று என்று நினைப்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை.

அலமாரி
சொல்லிவிட்டீர்களே. மடியில் ஒன்றே முக்கால் கிலோவை வைத்துப் பாருங்கள் ஐயா, பிறகு பேசுவோம். என்னிடம் இருந்த செட்டை இப்படித்தான் பெருமைக்கு வைத்திருந்தேன். இராமபாணப் பூச்சி முதல் தொகுதியில் புகுந்து மூன்றாவதில் வெளியே வந்தது.

பழம்பிரதி (மூத்த உறுப்பினர்)
அது பராமரிப்புக் குறை. புத்தகத்தின் குறை இல்லை.

அலமாரி
கடலோரத்தில் வீடு கட்டிப் பாருங்கள், பராமரிப்பு தெரியும்.

தங்கச்சிமடம் டீச்சர்
சண்டையை நிறுத்துங்கள், ஆனால் இதில் அலமாரி சொல்வதில் நியாயம் இருக்கிறது. உப்புக் காற்றில் முதலில் போவது காகிதம் இல்லை, இரும்பு. கம்பிப் பின் அடித்த புத்தகம் என்றால் அந்தப் பின் துருப்பிடித்து, துரு காகிதத்தைத் தின்று, நடுப்பக்கம் கையோடு வந்துவிடும். தைத்த கட்டு தப்பிக்கும். பாம்பன்வாசி தங்கச்சி, அனுப்பும் முன் ஒவ்வொரு தொகுதியையும் முதுகுப்புறம் கீழே இருக்கும்படி பிடித்து மெதுவாகத் திறந்து பாருங்கள். முதுகுக்கும் அட்டைக்கும் நடுவே துணி வெளுத்து, மாவு மாதிரி விரலில் ஒட்டினால் படமெடுத்து வாங்குபவருக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். பூஞ்சை இருந்தால் வெயிலில் காய வைக்காதீர்கள், அட்டை வளைந்துவிடும். நிழலில், மின்விசிறிக்கு முன்னால் நிறுத்தி வைத்து, காய்ந்த பிறகு மெல்லிய தூரிகையால் வீட்டுக்கு வெளியே வைத்துத் தட்டுங்கள். ஈரத்தோடு துடைத்தால் பரவும். பூச்சிக்கு வசம்புத் துண்டு போதும். பாச்சை உருண்டை போடாதீர்கள், அந்த வாசனைக்கே திருப்பி அனுப்புகிறார்கள்.

மீன் பெட்டி வேண்டவே வேண்டாம். கழுவினாலும் மூடி வைத்தால் வாடை வரும். பழ அட்டைப்பெட்டி வாங்கி, ஒவ்வொரு தொகுதியையும் முதலில் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மூலைகளுக்கு மடித்த அட்டை வையுங்கள். பெட்டிக்குள் குலுங்காத அளவுக்குப் பழைய பேப்பர் திணித்தால் சரி.

ராம்நாடு ரவுண்டானா
மீன் பெட்டியில் அனுப்பினால் வாங்குபவர் திறக்கும்போது நெத்திலி இருக்கும் என்று நினைப்பார்.

அலமாரி
கருவாடு என்றால் ஐந்து நட்சத்திரமே கொடுப்பார்.

பாம்பன்வாசி
ராமநாதபுரம் தலைமை அஞ்சலகத்தில் அட்டைப்பெட்டியில் ஒரே பார்சலாக அனுப்பினேன். போய்ச் சேர்ந்தது, வாங்கியவர் போனில் சொன்னார். தளத்தில் எடை, அனுப்பும் முறை இரண்டையும் மாற்றிவிட்டேன். முதல் ஆர்டர் ரத்துக் குறி அப்படியே இருக்கிறது. எல்லோருக்கும் நன்றி, டீச்சருக்குத் தனியாக.

மண்டபம் முகாம்
குறியைச் சும்மா விடாதீர்கள். உதவிப் பக்கத்தில் 'செயல்திறன் மேல்முறையீடு' இருக்கும். பையன் வந்த தேதி, தயார் நிலையில் இருந்த பெட்டியின் படம் இரண்டையும் இணைத்து எழுதுங்கள். எடைத் தவறு பற்றி அவர்கள் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை
அஞ்சலக ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வருமானக் கணக்கில் செலவாகக் காட்டலாம்.

கீழக்கரை மரக்கலம்
ரோஜா முத்தையா நூலகத்துக்குப் படம் அனுப்பியிருக்கிறேன். அதற்குள் ஒரு சந்தேகம்: அட்டை போன புத்தகத்தை 'ஏற்கத்தக்கது' நிலையில் போடலாமா, பட்டியலிலேயே சேர்க்கக் கூடாதா?

தொண்டிக்காரன்
பக்கம் ஒன்றும் குறையாமல் படிக்கும் நிலையில் இருந்தால் போடலாம் பாய். அட்டை இல்லை என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள், படத்தையும் முதலாவதாக அதையே வையுங்கள்.