கார்செட்டின் முதுகுக் கண்கள் பிய்ந்துவிட்டன

கேள்வி:
ஆகஸ்டில் இங்கிலாந்தின் லிங்கன் நகரத்து ஸ்டீம்பங்க் விழாவுக்குப் போகிறேன் (விக்டோரியா காலத்து உடையோடு நீராவி இயந்திரம், பற்சக்கரம் எனக் கற்பனையைக் கலக்கும் பாணி). 1880களின் பாணியில் இடுப்பைக் கயிற்றால் இறுக்கிக் கட்டும் உடையான கார்செட் ஒன்று தைத்தேன். மேலே பழுப்புப் பட்டு, உள்ளே சாதாரணப் பருத்தி. கயிற்றை இழுத்துக் கட்டி அரை மணி நேரம்கூட ஆகவில்லை, முதுகில் கயிறு நுழையும் மூன்று உலோகக் கண்கள் துணியோடு பிய்ந்து வந்துவிட்டன. இரண்டு வார உழைப்பு! எங்கே தவறினேன்?

பதில் 1:
துளையை வெட்டி எடுத்தீர்களா? வெட்டினால் இழை அறும். குத்தூசியால் இழைகளை விலக்கித் துளையை மெல்லப் பெரிதாக்குங்கள். பின்புறம் வாஷர் வைத்து அடிக்கும் கண்களே நிற்கும். கண் வரிசையின் இருபுறமும் தட்டையான எஃகுப் பட்டை ஓட வேண்டும்.

பதில் 2:
பருத்தி நீண்டிருக்கும். 'கூட்டில்' (coutil) என்ற நெருக்கமான நெசவுத் துணி கார்செட்டுக்கென்றே இருக்கிறது. இடுப்பின் குறுக்கே உள்பக்கம் ஒரு நாடாவும் வைத்துத் தையுங்கள். இழுவையை அது தாங்கும்.

கேட்டவர்:
வெட்டித்தான் எடுத்தேன், பெல்ட்டில் துளை போடும் கருவியால்! நேற்று மிச்சத் துணியில் குத்தூசியை முயன்றேன். உள்ளங்கை சிவந்துவிட்டது, கண் மட்டும் அசையவில்லை.

பதில் 3:
ஸ்டீம்பங்க் அலங்காரத்துக்குப் பற்சக்கரங்கள் வைத்தால் பசையால் ஒட்டாதீர்கள், தைத்துவிடுங்கள். சென்ற முறை என் தொப்பியிலிருந்து ஐந்து உதிர்ந்தன. ஒன்று தேநீர்க் கோப்பைக்குள்.