ஓர்க்கிட் செடிகளுக்குத் தூவும் நீரைச் சூடாக வைப்பது எப்படி?

நுவரெலியாவில் சிறிய பொலித்தீன் கூடாரத்தில் ஃபலனொப்சிஸ் ஓர்க்கிட் வளர்க்கிறேன். இரவில் உள்ளே 18 பாகைக்குக் குறையாமல் ஹீட்டர் பார்த்துக்கொள்கிறது. ஆனால் இந்தத் தை மாதக் குளிரில், காலையில் நொசில்களிலிருந்து முதலில் வரும் நீர் 11 பாகைதான். வெப்பநாட்டுச் செடியான இதன் இலையில் குளிர்நீர் பட்டால் உட்கலங்கள் சிதைந்துவிடும். இளம் இலைகளின் மேற்புறத்தில் மஞ்சளாகத் தோன்றிய குழிகள் இப்போது கறுத்துவிட்டன. பார்க்கவே மனம் வலிக்கிறது.

வீட்டுக்குள் உள்ள 60 லீற்றர் தாங்கியில் 100 வாட்ஸ் மீன்தொட்டி ஹீட்டர் போட்டதில் நீர் 24 பாகைக்கு வந்தாலும், 12 வோல்ட் பம்பியிலிருந்து வெளிச்சுவரோரமாகச் செல்லும் மெல்லிய குழாயில் இரவெல்லாம் தேங்கிய நீரே முதலில் இலைகளில் விழுகிறது. குழாய்க்கு ஸ்பொஞ் உறை சுற்றியும் விடிவதற்குள் ஆறிவிடுகிறது. தூவலை முற்பகலுக்கு மாற்றியது வெயில் நாட்களில் மட்டுமே உதவியது.

தேங்கிய நீரைத் தூவலுக்கு முன் தாங்கிக்கே திருப்பும் சுற்றுக்குழாய் ஒன்றைப் போட்டால், நொசிலில் அழுத்தம் குறையாமல் முதல் துளியே 20 பாகைக்கு மேல் வருமா?