கேம்பாய் அட்வான்ஸ்: மூணு கால் ஸ்க்ரூ கழறல, மொபைல் கடை பிட் வழுக்குது, உதவுங்க

குன்னூர்மழை:
வணக்கம். பழைய கேம்பாய் அட்வான்ஸ் (நின்டெண்டோவோட கையடக்க வீடியோ கேம்) ஒண்ணு இருக்கு, 2001-ல வந்த மடங்காத மாடல். ஐபிஎஸ் டிஸ்ப்ளே (பின்னொளியோட வர்ற பளிச்சுன்னு தெரியற திரை) போட்டு புது ஷெல்லுக்கு (வெளி ஓடு) மாத்தணும். பின்னாடி 6 ஸ்க்ரூ, தலையில மூணு கால் வெட்டு. பேட்டரி அறைக்குள்ள சாதா பிளஸ் 1, அது கழண்டுடுச்சு. மத்ததுக்கு பஜார்ல மொபைல் கடையில மூணு கால் பிட் வாங்கினேன். உள்ள போகுது, திருப்பினா சும்மா சுத்துது. ஒரு ஸ்க்ரூ துருப்பிடிச்சு கால் பாதி தேஞ்சிருக்கு. மழைக்காலம் பூரா பேட்டரியோடவே பீரோவுல கிடந்ததால டெர்மினல்லயும் வெள்ளைப் பூ. கடைக்காரர் சின்ன மைனஸை வெச்சு திருப்பச் சொல்றார். செய்யலாமா?

கோத்தகிரி பட்டறை:
மைனஸ் வேண்டாம்ங்க. மூணு வெட்டுல ஒண்ணை மட்டும் பிடிச்சு திருப்பினா மொத்த விசையும் ஒரே ஓரத்துல விழும், மிச்சமிருக்கிற தலையும் போயிடும். பேனா மூடியை உருக்கி அழுத்தி எடுக்கிற வீடியோவையும் நம்பாதீங்க. துருப்பிடிச்ச ஸ்க்ரூவைத் திருப்புற பலம் அந்த பிளாஸ்டிக்குக்குக் கிடையாது.

உங்க சிக்கல் பிட் சைஸ். மொபைல் கடையில இருக்கிறது ஐபோன் 7-லேர்ந்து வர்ற 0.6 மிமீ மூணு கால் பிட். கேம்பாய்க்கு வேண்டியது ஒய்-1, சில செட்டுல 2.0-ன்னு போட்டிருப்பாங்க. ஸ்க்ரூ குழிக்குள்ள இறங்கி உக்காந்திருக்கறதால தண்டு மெல்லிசா, நீளமா இருக்கணும். தடிச்ச பிட் வாயிலயே நின்னுடும். குன்னூர்ல கிடைக்கலேன்னா கோயமுத்தூர் காந்திபுரம் பக்கம் விசாரிங்க, இல்லேன்னா ஆன்லைன்.

திருப்பும்போது கன்சோலை மேசையில துணி போட்டுக் கவுத்து வைங்க. பிட்டை நேர் செங்குத்தா நிறுத்தி, கையோட பலத்துல முக்கால் பங்கு கீழ அழுத்தறதுக்கு, கால் பங்குதான் திருப்பறதுக்கு. வழுக்குதுன்னு தெரிஞ்ச அந்த நொடியே நிறுத்திடுங்க.

குன்னூர்மழை:
நன்றிங்க, ஒய்-1 பிட் வந்தாச்சு. அஞ்சு ஸ்க்ரூ ஒரே திருப்புல வந்துடுச்சு. துருப்பிடிச்சது மட்டும் அசையல. டபிள்யூடி-40 (துரு இளக்கற எண்ணெய் ஸ்ப்ரே) விடலாமா?

ஊட்டி சால்டரிங்:
பிரயோஜனம் இல்லைங்க. அந்த ஸ்க்ரூ பிளாஸ்டிக்கைத் தானே வெட்டிக்கிட்டு இறங்கறது. இரும்பும் இரும்பும் உரசுற மரை கிடையாது, அதனால துரு பூட்டறதெல்லாம் தலையில மட்டும்தான். எண்ணெய் விட்டா பிட் இன்னும் வழுக்கும், போர்டு பக்கமும் கசியும்.

முதல்ல வெட்டுக்குள்ள இருக்கிற துருவைத் தையல் ஊசியால சுரண்டி எடுங்க. பிட்டுக்கும் தலைக்கும் நடுவுல அகலமான ரப்பர் பேண்ட் துண்டு ஒண்ணை வெச்சு அழுத்தித் திருப்புங்க. அப்பவும் வரலேன்னா சால்டரிங் அயர்ன் நுனியை 5 விநாடி தலையில மட்டும் வெச்சு எடுத்து, சூடு ஆறறதுக்குள்ள திருப்புங்க. மரை பிடிச்சிருக்கிற பிளாஸ்டிக் லேசா இளகிக் கொடுக்கும். அதிக நேரம் வெச்சா மரையே உருகிப் போயிடும்.

கடைசி வழி, தலையைத் துளைச்சு எடுக்கறது. ஷெல்லை எப்படியும் மாத்தறீங்க, அதனால தைரியமா செய்யலாம். 2.5 மிமீ டிரில் பிட், கையால சுத்துற பின் வைஸ், மெதுவா, தலையோட தடிமன் அளவுக்கு மட்டும். தலை கழண்டு வந்ததும் பின்பக்கம் தானா தூக்கும், நிக்கற தண்டை நோஸ் பிளையரால திருகி எடுத்துடலாம். இரும்புத்தூள் போர்டுல விழுந்தா ஷார்ட் ஆகும். மத்த ஓட்டைகளை டேப்பால மூடிட்டு, கன்சோலைச் சாய்ச்சுப் பிடிச்சுத் துளைங்க.

கொடைக்கானல் ரெட்ரோ:
திறக்கும்போது ஒண்ணு கவனிங்க. எல், ஆர் பட்டனுக்குள்ள முடி மாதிரி ஒரு ஸ்பிரிங்கும் சின்ன எஃகு ஊசியும் இருக்கும். தூக்கின வேகத்துல தெறிச்சா தரைவிரிப்புல தேடிக்கிட்டு இருக்கணும். ஒரு வெள்ளைத் துணி விரிச்சு வேலை பாருங்க. அட்வான்ஸ்ல பின் ஓட்டுல வயர் எதுவும் கிடையாது, முதல் கேம்பாய்லதான் ரெண்டு பாதியையும் ஒரு ரிப்பன் இணைக்கும்.

போர்டுல 3 பிளஸ் ஸ்க்ரூ இருக்கும். அதுக்கு முன்னாடி டிஸ்ப்ளே ரிப்பனோட கனெக்டர்ல ரெண்டு ஓரத்தையும் நகத்தால 1 மிமீ தள்ளி விடணும், பிடிச்சு இழுக்கக்கூடாது. கனெக்டர் 32 பின், 40 பின்னுன்னு ரெண்டு வகை. ரெண்டு ரிப்பனும் சேர்ந்து வர்ற கிட்டா பார்த்து வாங்குங்க.

டெர்மினல்ல இருக்கிற பூ எந்த பேட்டரியோடதுன்னு பாருங்க. ஆல்கலைன்னா காரம்: பஞ்சுக்குச்சியில வினிகர் தொட்டுத் துடைச்சா நுரைச்சுக் கரையும். விலை குறைஞ்ச ஜிங்க் பேட்டரின்னா அமிலம்: அதுக்கு வினிகர் கூடாது, தண்ணியில கரைச்ச சமையல் சோடா. ரெண்டுக்கும் பிறகு 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால துடைச்சுக் காய விடுங்க. மருந்துக்கடையில கிடைக்கற 70 சதவீதத்துல மிச்சம் தண்ணி. நம்ம மலை ஈரத்துல அது காய்ஞ்சு முடியாது.

குன்னூர்மழை:
திறந்தாச்சு, ரப்பர் பேண்ட்லயே வந்துடுச்சு! டிஸ்ப்ளே மாட்டினேன். ஆன் பண்ணினா பச்சை லைட் வந்து உடனே சிவப்பாகி அணைஞ்சுடுது. புது பேட்டரிதான்.

ஊட்டி சால்டரிங்:
பவர் ஸ்விட்ச். உள்ள ஆக்சைடு படிஞ்சு மின்தடை கூடியிருக்கும். பழைய டிஸ்ப்ளே குறைச்சலா இழுத்ததால சமாளிச்சுது. ஐபிஎஸ் ஆரம்பிக்கும்போது அதிகமா இழுக்கறதால ஸ்விட்ச்லயே வோல்டேஜ் விழுந்துடுது. பேட்டரியைக் கழட்டிட்டு ஸ்விட்ச் இடுக்குல ரெண்டு சொட்டு அதே ஆல்கஹால் விட்டு, இப்படியும் அப்படியும் நிறைய தடவை தள்ளுங்க. நல்லா காய்ஞ்சதும் பாருங்க. அப்பவும் அதே கதைன்னா ஸ்விட்ச்சை மாத்தணும். பேட்டரி ஜிங்க் வகைன்னா அதையும் மாத்துங்க, குளிர்ல அதோட சக்தி இன்னும் குறையும். நிக்கல் ரீசார்ஜ் பேட்டரி 2 போதும்.

பட்டன்ல பிரைட்னஸ் வேணும்னா கிட்டோட 3 வயரை போர்டுல இருக்கிற டிபி2 (செலக்ட் பட்டன்), டிபி8 (ஆர்), டிபி9 (எல்) புள்ளிகள்ல சால்டர் பண்ணுங்க. டிஸ்ப்ளே முதுகுக்கும் போர்டுக்கும் நடுவுல காப்டான் டேப் (மின்சாரம் கடத்தாத டேப்) கட்டாயம்.

குன்னூர்மழை:
ஸ்விட்ச் கழுவினதும் நிலையா எரியுது! புது ஷெல்லுல ஸ்க்ரூ எவ்வளவு இறுக்கணும்?

கோத்தகிரி பட்டறை:
ஏற்கனவே ஸ்க்ரூ போட்ட ஓட்டைன்னா முதல்ல இடப்பக்கமா திருப்புங்க. மரை உக்கார்ற இடத்துல ஒரு சின்ன 'டக்' தெரியும், அங்கிருந்து வலப்பக்கம் போடுங்க. புது ஷெல்லுன்னா மரை இன்னும் வெட்டியிருக்காது, ஸ்க்ரூ தானே வெட்டிக்கும். நேரா பிடிச்சு மெதுவா இறக்குங்க. தலை பிளாஸ்டிக்கைத் தொட்டதும் விரல் நுனியால ஒரு கால் திருப்பு, அவ்வளவுதான்.