மறு: டிட்டரன்ஸுக்குத் ‘தடுப்பாற்றல்’ போதுமா? அட்டானமஸ் ஆயுதத்துக்கு என்ன சொல்?

> ‘தடுப்பாற்றல்’ ஏற்கெனவே செய்தித்தாள்களில் புழங்குகிறது. புழக்கத்தில் இருப்பதை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று எதற்கு?

ஐயா, தம்பி மொழிபெயர்க்கும் கட்டுரைக்கு நாம் எல்லோரும் தேடுகிற சொற்களில் முதலாவது டிட்டரன்ஸ், அதாவது எதிராளியைத் தாக்கவே துணியாமல் வைத்திருப்பது. புழங்குகிற சொல்லை லேசில் விடக்கூடாது என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் இந்தச் சொல் வேறு வீட்டில் வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டது. கொரோனாவுக்குப் பிறகு தடுப்பாற்றல் என்றாலே நோய்த் தடுப்பாற்றல்தான். ‘இந்தியாவின் தடுப்பாற்றல் கூடியது’ என்று தலைப்பு வைத்தால் தடுப்பூசிச் செய்தி என்று நினைத்துத்தான் படிக்க ஆரம்பிப்பார்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் பொருளில் இருக்கிறது. இஸ்ரேலின் அயர்ன் டோம் வருகிற ராக்கெட்டை வானத்திலேயே சுட்டு வீழ்த்துகிறதே, அது தடுப்பு. அதைப் பார்த்து ‘இனி ராக்கெட் விட்டுப் பயனில்லை’ என்று எதிராளி சும்மா இருந்துவிட்டால், அந்தச் சும்மா இருப்பதுதான் டிட்டரன்ஸ். பொத்தானை நோக்கிப் போன கை, அழுத்தினால் நமக்கு என்ன ஆகும் என்று யோசித்துத் திரும்பி வருகிறது. நடந்தது முழுக்க எதிராளியின் மண்டைக்குள். நாம் செய்ததெல்லாம் அவனைத் தயங்க வைத்ததுதான்.

அதனால் என் பரிந்துரை ‘தயக்குறுத்தல்’. அச்சம், அச்சுறுத்து, அறிவு, அறிவுறுத்து, அதே தடத்தில் தயக்கம், தயக்குறுத்து. ‘அச்சுறுத்தித் தடுத்தல்’ என்று அக்கா எழுதியதும் பொருளில் சரிதான், ஆனால் நீளம், அதோடு அச்சுறுத்தல் என்றாலே நாளிதழில் வெடிகுண்டு மிரட்டல்.

சரி, தயக்கத்தை ஏன் இவ்வளவு பிடித்துத் தொங்குகிறேன் என்றால், தம்பி மொழிபெயர்க்கும் கட்டுரையின் பொருளே அதுதான். செயற்கை நுண்ணறிவும் தானாகத் தாக்கும் ஆயுதங்களும் போர்முனைக்கு வரும்போது முதலில் குறைவது மனிதன் தயங்குவதற்குக் கிடைக்கிற நேரம்.

எல்லோருக்கும் தெரிந்த கதைதான், ஆனாலும் 1983 செப்டம்பர் 26 நள்ளிரவு தாண்டி சோவியத்தின் ஏவுகணை எச்சரிக்கை மையமான செர்புகோவ்-15 நிலவறையில் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். பணியில் இருந்தவர் லெப்டினன்ட் கர்னல் ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ். அமெரிக்காவிலிருந்து ஓர் ஏவுகணை கிளம்பிவிட்டது என்று திரை சொல்கிறது, பிறகு இன்னும் நான்கு என்கிறது. கொரிய பயணிகள் விமானத்தை சோவியத் சுட்டு வீழ்த்தி ஒரு மாதம்கூட ஆகவில்லை, பதற்றம் உச்சத்தில் இருக்கிறது. அவர் யோசித்தது எளிமையான விஷயம்: அமெரிக்கா உண்மையிலேயே தொடங்குவதாக இருந்தால் ஐந்தே ஐந்தையா அனுப்பும்? தரை ரேடாரிலும் ஒன்றும் தெரியவில்லை. பொய் எச்சரிக்கை என்று மேலே சொன்னார். மேகங்களில் பட்டுத் தெறித்த சூரிய ஒளியைச் செயற்கைக்கோள் ஏவுகணை என்று எடுத்துக்கொண்டிருந்தது பின்னால்தான் தெரிந்தது. அந்த நாற்காலியில் ஒரு கணினி நிரல் இருந்திருந்தால் ‘ஐந்துதானா?’ என்று கேட்டிருக்குமா? கேட்கச் சொல்லி யாராவது முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால் கேட்டிருக்கும், அவ்வளவுதான்.

ஆனால் தானியங்கி என்றாலே ஆபத்து என்றும் ஒரே வரியில் முடித்துவிட முடியாது. அதே சோவியத் ‘பெரிமீட்டர்’ என்று ஓர் அமைப்பு வைத்திருந்தது. தலைமை மொத்தமாக அழிந்துபோனாலும் பதிலடி போகும். கடைசிக் கட்டத்தில் நிலவறைக்குள் சில மனிதர்கள் இருந்தார்கள் என்றாலும் பெரும்பகுதி தானாக ஓடக்கூடியது. நாம் செத்தாலும் பதிலடி நிச்சயம் என்று தெரிந்தால் தலைவர்கள் அவசரப்பட்டுப் பொத்தானை அழுத்த வேண்டியதில்லை, பொறுத்துப் பார்க்கலாம் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயங்களில் ஒன்று. தன் பக்கத் தயக்கத்துக்கு நேரம் வாங்கித் தருகிற இயந்திரம்! வேடிக்கை என்னவென்றால் அதை அமெரிக்காவிடம் சொல்லாமல் ரகசியமாக வைத்திருந்தார்கள். எதிராளிக்குத் தெரியாத ஒன்று அவனை எப்படித் தயக்குறுத்தும்?

இந்தச் சிக்கல் இன்று இன்னும் பெரிதாகிவிட்டது. ஏவுகணையைக் குடியரசு தின அணிவகுப்பில் இழுத்துக்கொண்டு போய்க் காட்டலாம், செயற்கைக்கோளிலிருந்து எண்ணலாம், ஒப்பந்தம் போட்டுக் குறைக்கலாம். மென்பொருளை அப்படிக் காட்ட முடியாது, காட்டினால் எதிராளி அதை ஏமாற்றும் வழியைக் கண்டுபிடித்துவிடுவான், தவிர ராத்திரியோடு ராத்திரியாக ஒரு அப்டேட் போட்டால் காலையில் அது வேறு ஆயுதம்.

இன்னொரு கோணம், ஆள் இல்லாத கருவி. பனிப்போர்க் காலத்தில் மேற்கு பெர்லினில் இருந்த சில ஆயிரம் அமெரிக்க வீரர்களால் சோவியத் படையை நிறுத்தியிருக்க முடியாது, அது எல்லோருக்கும் தெரியும். அவர்கள் செத்தால் அமெரிக்கா சும்மா இருக்க முடியாது என்பதுதான் அவர்கள் அங்கே இருந்ததற்கே அர்த்தம், போர் உத்தி அறிஞர் தாமஸ் ஷெல்லிங் இதை ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறார். அந்த இடத்தில் ட்ரோன்களை நிறுத்தினால்? 2019 ஜூன் 20 அன்று ஈரான் அமெரிக்காவின் குளோபல் ஹாக் என்ற உளவு ட்ரோன் ஒன்றைச் சுட்டு வீழ்த்தியது. பத்து கோடி டாலருக்கு மேல் விலை. பதிலடிக்கு எல்லாம் தயாரான பிறகு டிரம்ப் நிறுத்திவிட்டார், ஆளில்லா விமானம் ஒன்றுக்காக 150 பேர் சாவது பொருத்தமில்லை என்பது அவர் சொன்ன காரணம். எனக்கு அது நல்ல முடிவாகத்தான் படுகிறது. ஆனால் இதே கணக்கைத் திருப்பிப் போட்டால், ட்ரோனைச் சுட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது என்று எல்லோரும் கற்றுக்கொள்கிறார்கள். சின்னச் சின்ன அடிகளுக்கு இனி யாரும் தயங்க மாட்டார்கள். அப்புறம் 2025 ஜூன் 1-இல் உக்ரைன் லாரிகளில் மறைத்துக் கொண்டுபோன 117 ட்ரோன்களை வைத்து ரஷ்யாவின் தொலைதூரக் குண்டுவீச்சு விமானங்களை அவற்றின் தளத்திலேயே எரித்ததே, அவற்றில் டியு-95 போல அணுகுண்டு சுமக்கக்கூடியவையும் உண்டு. அணு ஆயுதம் கையில் இருந்தும் அங்கே யாரையும் தயக்குறுத்த முடியவில்லை.

நீர்மூழ்கிகள் பற்றியும் தம்பி ஒரு பத்தி சேர்க்கலாம். திருநெல்வேலிக்காரர்களுக்கு விஜயநாராயணம் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் தெரிந்திருக்கும், கடலுக்கடியில் இருக்கும் நம் நீர்மூழ்கிகளுக்கு அங்கிருந்துதான் செய்தி போகிறது. அணு ஏவுகணை சுமக்கும் அரிஹந்த் போன்ற நீர்மூழ்கிகளின் பலமே ஒளிந்திருப்பது. கடலின் ஓசைத் தரவுகளைச் சலித்து அதைக் கண்டுபிடிக்கும் நுண்ணறிவு ஒரு நாள் வந்தால் முதலில் ஆட்டம் காண்பது அந்தப் பதிலடி நம்பிக்கைதான்.

இரண்டாவது சொல், அட்டானமஸ் ஆயுதத்துக்கு. ‘தானியங்கி ஆயுதம்’ வேண்டாம், ஏ.கே.47-உம் தானியங்கிதான். ‘தன்னாட்சி’ என்றால் மாநிலத் தன்னாட்சி, தன்னாட்சிக் கல்லூரி. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் 3000.09 ஆணை (2012, பிறகு 2023-இல் திருத்தியது) சொல்வது என்னவென்றால், ஒருமுறை இயக்கிவிட்டால் மனிதர் மறுபடி தலையிடாமலே இலக்கைத் தேர்ந்து தாக்குவது. ஆக, தேர்வதும் முடிவெடுப்பதும் தான் முக்கியம். ‘தன்முடிவு ஆயுதம்’ என்று வைக்கலாமா?

---

> ‘தன்முடிவு ஆயுதம்’ என்று வைக்கலாமா?

உங்கள் ‘தயக்குறுத்தல்’ எனக்குப் பிடித்திருக்கிறது, வாயில் இரண்டு நாள் போட்டு உருட்டிப் பார்க்க வேண்டும். தன்முடிவு என்றால் ‘தன் கதை முடிவது’ என்றும் படும். தவிர முடிவை இயந்திரமா எடுக்கிறது? 2003 ஈராக் போரில் அமெரிக்காவின் பேட்ரியாட் வான் பாதுகாப்பு அமைப்பு பிரிட்டனின் டொர்னாடோ போர் விமானம் ஒன்றை எதிரி ஏவுகணை என்று காட்ட, அதை நம்பிச் சுட்டவர்கள் மனிதர்கள்தானே? இருவர் போனார்கள்.

---

ஐயா, ஹார்ப்பி மாதிரி ரேடாரைத் தேடிப் போய் மோதிச் சாகிற ட்ரோனுக்கு இரண்டு பொருளும் கச்சிதமாகப் பொருந்தும் :-)

பேட்ரியாட் கதையில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன், பெயருக்கு மனிதர் இருந்தார், மறுத்துப் பேச நேரம்தான் இல்லை. 2024 நவம்பரில் லிமாவில் பைடனும் ஷி ஜின்பிங்கும் அணு ஆயுத முடிவு மனிதர் கையில்தான் இருக்க வேண்டும் என்று ஒத்துக்கொண்டபோதும் எனக்கு அதே சந்தேகம்தான் வந்தது. முடிவு அவர் கையில், சரி, அவர் பார்க்கும் திரையில் வருவதை யார் வடிகட்டினார்கள்? அதனால் ஆணையில் வருகிற விளக்கத்தை ஒட்டியே ‘தன்தேர்வு ஆயுதம்’ என்று மாற்றிக்கொள்வோம். பரீட்சை ஞாபகம் வந்தால் வரட்டும், பரவாயில்லை.

சண்டை படிப்படியாகப் பெரிதாவதைச் சொல்லும் எஸ்கலேஷனுக்குத் தம்பி ‘தீவிரமாதல்’ என்று போட்டிருந்தார். வாய்ச்சண்டை முற்றிக் கைகலப்பானது என்று நாம் சொல்வதில்லையா? ‘முற்றுதல்’ என்றே போடுங்கள். இரண்டு பக்கமும் தன்தேர்வு ஆயுதங்கள் இருந்து, யாரும் விரும்பாமலே சண்டை பெரிதாவதைத் ‘தாமாக முற்றுதல்’ எனலாமா என்று அக்காதான் சொல்ல வேண்டும்.