கரண்ட் போனால் டெஸ்டர் இரண்டு ஓட்டையிலும் எரிகிறது: நியூட்ரலையும் எர்த்தையும் சேர்க்கலாமா?

தென்னந்தோப்பு கேட்டது:

வணக்கம். பொள்ளாச்சிப் பக்கம் வீடு. புதிதாக 5 கிலோவாட் ஹைபிரிட் (சோலார், பேட்டரி, ஈ.பி. மூன்றையும் சேர்த்து ஓட்டும்) இன்வெர்ட்டரும் 51.2 வோல்ட் லித்தியம் பேட்டரியும் வைத்திருக்கிறோம். பேக்கப் லைனுக்குத் தனி டி.பி. பாக்ஸ் (சுவிட்ச் பெட்டி), அதில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் சமமில்லாவிட்டால் ட்ரிப் ஆகும் சுவிட்ச்).

ஈ.பி. கரண்ட் இருக்கும்போது பேஸுக்கும் எர்த்துக்கும் 232 வோல்ட், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 2. கரண்ட் போய் பேட்டரிக்கு மாறியதும் பேஸ்–எர்த் 121, நியூட்ரல்–எர்த் 109. டெஸ்டர் இரண்டு ஓட்டையிலும் மங்கலாக எரிகிறது.

எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து, புது பாக்ஸில் நியூட்ரல் லிங்கையும் எர்த் லிங்கையும் (கம்பிகள் வந்து சேரும் பட்டைகள்) ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்துவிட்டார். டெஸ்டர் சரியாகிவிட்டது. ஆனால் ஈ.பி. கரண்ட் திரும்பி வந்ததும் ஆர்.சி.சி.பி. டப்பென்று ட்ரிப் ஆகிறது. ஆர்.சி.சி.பி.யையே கழற்றிவிடலாம் என்கிறார் அவர். பேட்டரியில் ஓடும்போதும் டெஸ்ட் பட்டன் அழுத்தினால் ட்ரிப் ஆகத்தான் செய்கிறது. பழைய இன்வெர்ட்டரில் இந்தத் தொல்லையே இல்லையே, என்ன காரணம்?

வோல்ட்மாமா:

கம்பியை எடுத்துவிட்டு அப்படியே விடுங்கள். எர்த்தோடு சேராத லைனில் ஒரு கம்பியைத் தொட்டால் ஷாக்கே அடிக்காது. அதுதான் நல்லது.

கம்பிக்கட்டு:

தம்பி, துண்டுக் கம்பியை இன்றைக்கே எடுக்கச் சொல்லுங்கள். ஆர்.சி.சி.பி. மேல் மட்டும் கை வைக்க வேண்டாம். அந்த பாக்ஸில் ஒழுங்காக வேலை செய்வது அது ஒன்றுதான்.

பழைய ஹோம் இன்வெர்ட்டர்களில் பெரும்பாலும் நியூட்ரல் வெட்டுப்படாமல் நேராகப் போகும், ரிலே (உள்ளே தானாக மாறும் சுவிட்ச்) பேஸை மட்டும் மாற்றும். கரண்ட் போனாலும் உங்கள் நியூட்ரல் தெரு டிரான்ஸ்பார்மரில் எர்த் ஆகியிருக்கும் நியூட்ரலோடு ஒட்டியேதான் இருந்தது. ஹைபிரிட் அப்படியில்லை. கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனுக்கு நம் கரண்ட் போய்விடக் கூடாது என்று இரண்டு கம்பியையும் வெட்டுகிறது. அப்புறம் உங்கள் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் உறவே கிடையாது. சார்ஜர், எல்.இ.டி. டிரைவர்களுக்குள் இருக்கும் சின்ன கெப்பாசிட்டர்கள் இரண்டு கம்பியையும் எர்த்தை நோக்கி இழுத்துப் பாதியில் நிறுத்துகின்றன. அதுதான் அந்த 121, 109.

வோல்ட்மாமா சொல்வது முதல் பழுது வரைக்கும் சரி. கிரைண்டர் பாடியில் பேஸ் உரசினால் ஒன்றும் ஆகாது, ஆர்.சி.சி.பி.யும் ட்ரிப் ஆகாது, யாருக்கும் தெரியவும் தெரியாது. ஆனால் அந்த நிமிடத்திலிருந்து நியூட்ரல் கம்பி எர்த்துக்கு 230 வோல்ட்டில் நிற்கும். அடுத்தவர் அதைத் தொடும்போதுதான் தெரியும். டெஸ்ட் பட்டனை நம்பாதீர்கள். அது ஆர்.சி.சி.பி.க்கு உள்ளேயே ஒரு ரெசிஸ்டர் வழியாக பேஸிலிருந்து நியூட்ரலுக்குக் கொஞ்சம் கரண்டைத் திருப்பிவிடுகிறது, அவ்வளவுதான். எர்த் கம்பியே இழுக்காத வீட்டிலும் அது வேலை செய்யும்.

இப்போது உங்கள் துண்டுக் கம்பி. அது ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி, லோடு பக்கம் இருக்கிறது. பேட்டரியில் ஓடும்போது லீக் ஆகும் கரண்ட் எர்த் வழியாக வந்து, அந்தக் கம்பியில் ஏறி, நியூட்ரலாக ஆர்.சி.சி.பி. வழியாகவே திரும்பிவிடும். போனதும் வந்ததும் சமம் என்று அது சும்மா இருக்கும். டெஸ்டர் அழகாக எரியும், பாதுகாப்பு பூஜ்யம். ஈ.பி. வந்ததும் லோடு கரண்டில் ஒரு பங்கு உங்கள் எர்த் பிட் வழியாக டிரான்ஸ்பார்மருக்கு ஓடுகிறது, அதனால்தான் ட்ரிப். ஆர்.சி.சி.பி.யைக் கழற்றியிருந்தால் இது தெரியாமலே போயிருக்கும். ஒருநாள் தெருவில் நியூட்ரல் அறுந்தால் பக்கத்து வீட்டு லோடெல்லாம் உங்கள் எர்த்தைத் தேடி வரும், ஃப்ரிட்ஜ் கதவைத் தொட முடியாது.

எம்.சி.பி. (கரண்ட் அதிகமானால் விழும் சுவிட்ச்) பார்த்துக்கொள்ளும் என்றும் நினைக்க வேண்டாம். 16 ஆம்பியர் சி டைப் உடனே விழ 80 முதல் 160 ஆம்பியர் வேண்டும். 5 கிலோவாட் இன்வெர்ட்டர் தருவதே 22 ஆம்பியர்தான், திணறினால் அதைப் போல இரண்டு மடங்கு.

நியூட்ரலையும் எர்த்தையும் சேர்க்க வேண்டிய இடம் இன்வெர்ட்டருக்கும் ஆர்.சி.சி.பி.க்கும் நடுவில், அதுவும் ஈ.பி. வெட்டுப்பட்டிருக்கும் நேரத்தில் மட்டும். பல ஹைபிரிட்களில் இதற்கென்றே உள்ளே ரிலே இருக்கும். விக்ட்ரான் கம்பெனி அதை கிரவுண்ட் ரிலே என்கிறது, டீயே கம்பெனி இன்வெர்ட்டரில் அந்த செட்டிங்கின் பெயர் சிக்னல் ஐலண்ட் மோட். உங்கள் மேனுவலில் தேடிப் பாருங்கள். மேனுவல் அனுமதிக்காவிட்டால் செய்யாதீர்கள், சில மலிவு இன்வெர்ட்டர்களில் அவுட்புட்டை எர்த்தோடு சேர்த்தால் போர்டே போய்விடும்.

அமெரிக்க யூடியூப் வீடியோ பார்த்து மெயின் பாக்ஸிலேயே சேர்க்கவும் வேண்டாம். அங்கே முறையே அதுதான். நம்மூரில் பெரும்பாலும் நியூட்ரல் டிரான்ஸ்பார்மரில் எர்த், வீட்டு எர்த் தனி.

மிக்ஸிக்காரி:

உள்ளே ரிலே இல்லையென்றால் வெளியே ஒரு கான்டாக்டர் (காயிலுக்குக் கரண்ட் வந்தால் மாறும் பெரிய சுவிட்ச்) வைத்து, ஈ.பி. கரண்டில் காயிலை இழுக்கவைக்கலாமே? ஈ.பி. இருந்தால் சேர்ப்பு விலகும், போனால் சேரும்.

கம்பிக்கட்டு:

அதில் ஒரு சிக்கல் உண்டு அம்மா. சாயங்காலம் தோட்டத்து மோட்டாரெல்லாம் ஓடி வோல்ட்டேஜ் 160க்கு இறங்கினால் இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தாவிவிடும். கான்டாக்டர் காயில் 160இலும் பிடித்துக்கொண்டு நிற்கலாம், அப்போது சேர்ப்பு நடக்காது. வைப்பதானால் இன்வெர்ட்டரே கொடுக்கும் சிக்னலில்தான் காயிலை ஓட்ட வேண்டும்.

தென்னந்தோப்பு:

அந்த ரிலே செட்டிங் எங்கள் இன்வெர்ட்டர் மெனுவில் இருந்தது, ஆஃப் ஆகியிருந்தது. துண்டுக் கம்பியை எடுத்துவிட்டு ஆன் செய்தோம். பேட்டரியில் இப்போது பேஸ்–எர்த் 229, நியூட்ரல்–எர்த் 0. ஈ.பி. வந்தாலும் ட்ரிப் இல்லை. வேறு ஏதாவது பார்க்கணுமா அண்ணே?

கம்பிக்கட்டு:

பேட்டரியில் ஓடும்போது பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு ஜீரோ வாட் பல்பை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், எலக்ட்ரீஷியனே செய்யட்டும். பழைய குண்டு பல்பாக இருக்க வேண்டும். பெயர்தான் ஜீரோ, 15 வாட் வரை இழுக்கும், அதாவது 65 மில்லி ஆம்பியர். வைத்த உடனே ஆர்.சி.சி.பி. ட்ரிப் ஆக வேண்டும். பல்பு நின்று எரிந்தால் ரிலே சேர்க்கும் இடம் தப்பு. எரியவும் இல்லை, ட்ரிப்பும் ஆகவில்லை என்றால் இன்வெர்ட்டரின் எர்த் முனையிலிருந்து டி.பி. பாக்ஸ் எர்த் லிங்குக்குக் கம்பி வருகிறதா பாருங்கள், பல இடத்தில் அதைக் கட்ட மறந்துவிடுகிறார்கள்.